கேத்தல் வெள்ளை

ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் ஒரே நிறம்,
கறுப்புக்கும் நாவலுக்கும் இடையில் ஏதோ ஒன்று.
நோய் அங்கே தெரியாது.
பன்னிரண்டு நாள் தெரியவில்லை எனக்கு.

சாய்ந்தமருதில், போன் திருத்தும் கடையின் பின்னறை.
ஜன்னல் இல்லை. ஒரு மேசைக் காற்றாடி,
மூன்று தட்டு, நாற்பத்தெட்டு லெட்டூஸ்,
வியாழக்கிழமை வருவேன் என்ற
அறுகம்பே ஹோட்டல்காரனின் சொல்.

கரண்ட் போன ஒரு பகலில்தான்
ஒரு சட்டியை வளவுக்குத் தூக்கிப் போனேன்.
வெயில் உடனே காட்டிக்கொடுத்தது:
குருத்தில் மஞ்சள்.
நரம்பு மட்டும் பச்சை,
வரண்ட வயலில் வாய்க்கால் ஓடின மாதிரி.
அடியிலைக்கு ஒன்றுமில்லை.

அடியிலை மஞ்சளித்தால் பசி வேறு.
முதிர்ந்தது தன் நைதரசனைக் கழற்றிக்
குருத்துக்குக் கொடுத்துவிட்டு உதிரும்.
இரும்பு அப்படியல்ல.
ஒருமுறை குடியேறினால் இடம்பெயராது.
புதிதாய் வருவது வெறுங்கையோடு வரும்.

ஆக, இரும்பு இல்லை.
சம்மாந்துறை உரக்கடையில்
செங்கல்தூள் போன்ற பொடி, நூறு கிராம்.
கரைத்தேன், ஊற்றினேன், மூன்று நாள் பார்த்தேன்.
மஞ்சள் வெளிறி வெள்ளையானது.
இரண்டாம் தரம் ஊற்றினேன், கொஞ்சம் கோபத்தோடு.
நுனி கருகியது.

போனென்றால் எனக்குத் தெரியும்.
சார்ஜ் ஏறாத போனுக்குப் பெரிய பற்றரி போடுபவன் மடையன்.
முதலில் ஓட்டையைப் பார்க்க வேண்டும்,
சட்டைப்பை நூல் அங்கே சுருண்டு கிடக்கும்.
கடையின் முன்பக்கம் நின்று
நாளைக்கு நாலு பேருக்கு இதைச் சொல்கிறேன்.
பின்பக்கத்தில் சொல்ல ஆளில்லை.

ஜெஸீமா தேத்தண்ணி கொண்டு வந்தாள்.
சட்டி விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.
"இது நம்மட கேத்தல்ல புடிக்கிற வெள்ளதானே?"
பழைய கோப்பையை எடுக்காமலே போய்விட்டாள்.

கிணற்றுத் தண்ணீர். கடல் முன்னூறு யார் தூரம்.
மீன்தொட்டி விற்கும் நுஸ்கியிடம்
கடன்வாங்கிய தாள்கீற்றைத் தோய்த்தேன்.
நீலம். எட்டையும் தாண்டிய நீலம்.

இரும்பு இருந்தது.
வேரைச் சுற்றி மூன்று கரண்டி இரும்பு,
திறப்புத் தொலைந்த அறைக்குள் அரிசிமூட்டை.
நான் மூட்டைக்கு மேல் மூட்டை
அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது பக்கத்துப் பார்மசியின் ஏசிக் குழாய்க்குக் கீழே
என் மஞ்சள் கான் நிற்கிறது, சொட்டுச் சொட்டாய்.
மருந்துக்கு வருபவர்கள் அதைச் சுற்றிப் போகிறார்கள்.
அந்தத் தண்ணீரில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம்,
தேசிக்காய் கொஞ்சம்,
கீற்று மஞ்சளுக்கு இறங்கும்வரை.

வெளிறிய இலை திரும்பவில்லை. அது திரும்பாது.
வியாழக்கிழமை பதினொரு செடிதான் கொடுக்க முடிந்தது.
கழித்ததை அடுத்த வளவு ஆடு
எந்தக் குறையும் சொல்லாமல் தின்றது.

ஆறாம் நாள் காலை
இன்னொரு சட்டியை வெளியே தூக்கிப் போனேன்.
நடுக்குருத்து, நகத்தளவு.
கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன்.
பச்சை என்றுதான் நினைக்கிறேன்.
மேகம் மூடியிருந்தது.
விலகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.