மனித முறையில்

அவள் பெயரைச் சொல்லமாட்டேன்.
வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சேர்ந்த வேலை இது.
ராணிப்பேட்டையிலிருந்து வந்தாள் என்பதே அதிகம்.
தோல் ஷாப் வாடை தன் புடவையில் இருப்பது தெரிந்து
நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வேலூர் மே மாதம். ஆயர் இல்லத்தின் பின்னறை.
மின்விசிறி காகிதங்களைப் பிடுங்கப் பார்க்கிறது.
அவற்றின் மேல்
உடைந்த சூசையப்பர் சுரூபத்தின் ஒரு கை.
லீலி மலர் எப்போதோ தொலைந்துவிட்டது,
பிடி மட்டும் இருக்கிறது.

ராயப்பன் ஃபாதர் கேட்கிறார். நான் அடிக்கிறேன்.
"ஒரு தடவைகூட இல்லையா?"
"இல்லீங்க."
"மறுத்தது யாரு?"
"யாரும் மறுக்கல, ஃபாதர்."
பதினாலு மாதம்.
கொசுவலையை முதலில் இவள் பக்கம் செருகிவிட்டு
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாராம்.
கொசுவலையையும் அடிக்கணுமா என்றேன்.
ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அடிம்மா. ரோமாபுரியில யாராவது படிக்கட்டும்."

பீடத்தில் வாய் சொன்னதை
உடம்பும் ஒருமுறை சொல்லியாக வேண்டும்.
சொல்லிவிட்டால் சாவுதான் பிரிக்கும்.
சொல்லாதவரை
திருத்தந்தை ஒருவர் அவிழ்க்கலாம் அந்த முடிச்சை.
சட்டத்தில் இன்னும் ஒரு சொல் உண்டு:
அது மனித முறையில் நடந்திருக்க வேண்டும்.
லத்தீனில் இரண்டே வார்த்தை.
அங்கே என் விரல் நின்றது.

காட்பாடியில், என் நாத்தனார் வீட்டில்,
ஜன்னலுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
விடிந்து பால்காரி வந்தபோது
சட்டப்படி எல்லாம் நிறைவேறியிருந்தது.

ஆறாம் வருஷம், மூன்றாவதும் கலைந்து
ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பினேன். ஐப்பசி மழை.
அக்கம்பக்கம் எழுமுன்னே
என் பாவாடைகளைக் கொல்லைக் குழாயில் அலசினார் தைரியநாதன்.
எவரும் அறிவிக்காத ஒரு தவக்காலம்.
கையும் நீட்டவில்லை,
தள்ளியும் படுக்கவில்லை.
கற்பு என்பது எனக்கு மட்டும் கொடுத்துவிட்ட சாமான் என்று
நினைத்திருந்தேன் அதுவரை.

தை பிறந்த பிறகு ஒரு ராத்திரி,
"வரட்டுமா?" என்றார்.
அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.
அழுதேன்.
பதறி எழுந்து உட்கார்ந்தார், விளக்கைப் போடப் போனார்.
"இதுக்கில்லீங்க" என்றேன்,
"வாங்க."

பதிவேட்டில் எங்கள் கல்யாணத் தேதி வேறு.
அதைத் திருத்தச் சொல்லி யாரிடம் விண்ணப்பிப்பது?

அவள் கையெழுத்துப் போட்டாள், எல்லாப் பக்கத்திலும்.
வாசல்வரை போய்த் திரும்பினாள்.
"ஃபாதர், அவரும் வேற கட்டிக்கலாமா?"
"அது ரோமாபுரி சொல்லணும்மா."
"நல்ல மனுஷன், ஃபாதர்."

கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் அடித்தேன்.
மின்விசிறி மறுபடி பிடுங்கப் பார்த்தது.
கையை எடுத்து அதன் மேல் வைத்தேன்.