தாக்கோல்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில்
தொலைகிற பொருள்களுக்கு ஒரு வலைத்தளம் வேண்டும் என்றார்
வியாபாரிகள் சங்கச் செயலாளர் சத்தியநேசன்.
எத்தனை காலம் வரும் என்று கேட்டார்.
பதினொன்று என்றேன்.
வருஷமா, என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.
டேபிளில் உள்ள காலம், அண்ணே.
வேலை மூன்று வாரந்தான்.

லேசான வேலை என்றே நினைத்தேன்.
தொலைத்தவர் ஒரு டேபிள்
எடுத்தவர் ஒரு டேபிள்
நடுவில் பொருள்.

தேதியில்தான் முதலில் இடறினேன்.
குடையை விட்டது மழை நின்றபோது,
விட்டது தெரிந்தது அடுத்த மழையில்.
தொலைந்த நாள் காலியாக இருக்கலாம்
தெரிந்த நாள் கட்டாயம்
என்று விதியை மாற்றினேன்.

இடம் அதைவிட மோசம்.
நெய்யாற்றின்கரையில் ஏறிய சஞ்சி
ஆள் இறங்கிய பிறகும்
மார்த்தாண்டம் வரை டிக்கெட் இல்லாமல் போகிறது.
எந்த ஊரில் தொலைந்தது என்று கேட்டால்
ஜன்னலோரம் இருந்தேன் என்று எழுதுகிறார்கள்.

ஒரு காலத்தை மட்டும்
யாருக்கும் காட்டாமல் வைத்தேன்.
சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்த அடையாளம்.
சோதனைக்கென்று திறந்தவள்
எல்லாவற்றையும் படித்துவிட்டேன்,
படித்திருக்கக் கூடாது.
டிபன் மூடியில் பிள்ளையின் பல் தடம்.
பர்ஸின் உள்ளறையில்
வேறு பெயரில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்.
செருப்பு: இடது மட்டும் தேய்ந்திருக்கும், காரணம் கேட்க வேண்டாம்.

அலமாரி அஜிதகுமாரியின் பொறுப்பு.
கண்டக்டர் பிரைட்சிங் கொண்டுவந்து போட்டதை
அவள் பதிந்தாள்:
சாவி, மூன்று, சிவப்பு நூல் கட்டியது.
அன்று இரவே
பாறசாலை ஓமனா பதிந்தார்:
தாக்கோல், மூணெண்ணம், சுவந்ந நூலுண்டு.

ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு.
ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று.
அடுத்தடுத்த வரிசையில்
நாற்பத்தோரு நாள்
தோளோடு தோள் உட்கார்ந்து
ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும்.
வீட்டில் தாக்கோல் என்போம்,
ஆபீசில் சாவி.
மெஷினிடம் சொல்லத்தான் மறந்தேன்.
முதன்மைச் சாவி, அயல் சாவி என்று
என் குறிப்பேட்டில் பதினேழு இடத்தில் சாவி.
அயல் சாவி என்றால்
இன்னொரு டேபிளைத் திறப்பது
என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

புதிதாக ஒரு டேபிள் கட்டினேன்.
சொல், அதன் அக்கரைச் சொல்.
பை, சஞ்சி.
கண்ணாடி, கண்ணட.
செருப்பு இரண்டு பக்கமும் செருப்பு,
அதை விட்டுவிட்டேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஓடவிட்டதில்
ஆறு ஜோடி கூடின.

அஜிதகுமாரி போன் போட்டாள்.
பூட்டு ரெண்டாம் நாளே பொளிச்சு, மோளே,
என்றார் ஓமனா,
இப்போள் புது பூட்டு.
என்றாலும் பத்தே இருபது வண்டியில் வந்தார்.
அடையாளம் கேட்டதற்கு
சிறியதில் ஒரு பல் ஒடிந்திருக்கும் என்றார்,
ஒடிந்திருந்தது.
மேசைமேல் வைத்து
சிவப்பு நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்.
நினைத்ததைவிட நீளம் அது.
விரலில் சுற்றிக்கொண்டு
நூல் மதி என்று சொல்லி
பஸ் ஏறிவிட்டார்.

மூன்று சாவியும் மேசைமேல் கிடக்கிறதாம்.
நிலை என்கிற காலத்தில்
நான் வைத்த பதில்கள் மூன்றே:
தொலைந்தது, கிடைத்தது, கொடுத்தாச்சு.
எதை அமுக்க, அக்கா, என்கிறாள் அஜிதகுமாரி.
பின்னால் திருவனந்தபுரம் வண்டி ஹாரன் அடிக்கிறது.
இரு, என்கிறேன்.
டேபிளைத் திறந்து வைத்துக்கொண்டு
இரு, ஒரு நிமிஷம்.