கூலிப்பாக்கி

மணிக்கு நூற்றிருபது வெள்ளி. டீசல் தவுக்கே செலவு.
தங்கம் கிடைத்தால் பங்கு என்றான் பூபாலன்.
பங்கு வேண்டாம், ரொக்கம் போதும் என்றேன்.
அப்படிச் சொல்லியும்
முன்பணம் இருநூறோடு நின்றுபோனது வேறு கதை.

பீடோரில் ராத்திரி ஒன்பதுக்குமேல்
ஒட்டுக்கடையில் நம்பர் பேசி முடித்தால்
ஜப்பான்காரன் புதைத்த தங்கம்தான் பாக்கி.
இந்த மேசையில் நாலு லோரி.
அடுத்த மேசைக்குப் போவதற்குள் நாற்பது.

பூபாலன் இன்சூரன்ஸ் விற்பவன்.
சாவைப் பேசியே சோறு தின்றவன்
தைப்பிங்கில் எவனிடமோ எட்டாயிரம் அழுது
ஒரு வரைபடம் வாங்கியிருந்தான்.
புகைவீடு, கிணறு, அதற்கப்பால் ஒரு பெருக்கல் குறி.
தாளைத் தேத்தண்ணியில் முக்கிப் பழுப்பாக்கியிருந்தது
எனக்கே தெரிந்தது.
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
கொடுத்த எட்டாயிரம் அவனை நம்ப வைத்தது.

போமோ ஒருவர் வந்தார்.
எலுமிச்சை, மஞ்சள் சோறு,
காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்கு ஒரு பெட்டி சிகரெட்.
எந்த மொழியில் கூப்பிடுவீர்கள் என்றேன்.
மலாயில்தான்.
இத்தனை வருஷம் இங்கே கிடப்பவனுக்கு
இதுகூடவா வராது?

செம்பனை வேர் லேசில் விடாது.
முடியைப் பிடித்துச் சண்டை போடும்.
உடைந்த பால் மங்குகள் வந்தன,
ஒரு செருப்பு வந்தது,
தண்ணீர்க் குழாய் ஒன்று பீறிட்டு
லயத்தில் மறுநாள் யாருக்கும் குளிக்கத் தண்ணீரில்லை.
ஐந்தாம் ராத்திரி
வாளியின் பல்லில் ஏதோ உரசியது.
கல் இல்லை. கல் உரசினால் என் முழங்கைக்குத் தெரியும்.

டிராகன் படம் போட்ட ஜாடி, இடுப்பு உயரம்.
வாயை மூடி ரப்பர் ஷீட், மூன்று மடிப்பு,
அதன்மேல் தார், கம்பி முறுக்கு.
எத்தனையோ மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.
கட்டியவர் கைக்காரர்.
நாலு பேர் முக்கியும் அசையாத கனம்.
தவுக்கே லியோங்குக்கு மூச்சு வாங்கியது.
பூபாலன் யாருக்கோ போன் போட்டு
வேலையை விட்டுவிட்டேன் என்றான்,
விடியக்காலை இரண்டு மணிக்கு.

கம்பியை வெட்டி, தாரைச் சுரண்டி, ஷீட்டைக் கிழித்தோம்.
வெள்ளையாய் ஒரே கட்டி.
டார்ச் ஒளியில் மினுக்கியது.
தவுக்கே விரலை எச்சில் தொட்டு வைத்து
நாக்கில் வைத்தார்.
உப்பு.

அவருக்கு உடனே கோபம் வரவில்லை.
சண்டைக் காலத்தில் ஒரு காட்டி உப்புக்கு
எங்கம்மா ஒரு வளையல் கழற்றினாள் என்றார்.
சொல்லி முடித்துவிட்டு
ஜாடியை ஓர் உதை விட்டார்.
தங்கமாகத்தான் இருந்தது, யாரோ கெட்ட எண்ணம் வைத்தீர்கள் என்று
போமோ என்னைப் பார்த்தார்.

புதைத்தவர் விளக்கில்லாமல் வந்திருப்பார்.
மண்ணைக் கையால் தள்ளி,
மேலே சருகு பரப்பி, காலடி எண்ணியிருப்பார்.
பிறகு சயாமுக்குப் போன வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.
அல்லது அதெல்லாம் ஒன்றுமில்லை,
சண்டை முடிந்து உப்பு மலிந்தது,
தோண்டும் அலுப்புக்கு அப்படியே விட்டிருப்பார்.

இப்போது ஒட்டுக்கடையில் மூன்று ஜாடி.
ஒன்றில் தங்கம், போலீஸ் கொண்டுபோனது.
நான் மறுப்பதில்லை.
மறுத்தால் பங்கு வாங்கியவன் என்பார்கள்.
மூடாத குழிகளில் மழைத்தண்ணீர், கொசு.
மாவட்ட மன்றத்துச் சம்மன் என் பேருக்கு வந்தது,
மண்வாரி என் பேரில் இருப்பதால்.

கூலிப்பாக்கிக்கு ஒரு கட்டி எடுத்து வந்தேன்.
இயந்திரத்துக்குள் கண்ணாடியோரம் இருக்கிறது.
மழைக்கு அரைமணி முன்னே அது வியர்க்கும்.
ரேடியோவைவிட நம்பலாம்.

நேற்று தாப்பா ரோட்டில் கால்வாய் வெட்டும்போது
வியர்த்தது.
வாளியை இறக்கி வைத்து இஞ்சினை அணைத்தேன்.
மேலே ஒரு மேகமில்லை.
அணைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.