முந்நூற்றுப் பன்னிரண்டு

வேலூரில் மே மாதம் ஈதர் புட்டியைத் திறக்கக் கூடாது.
முப்பத்தைந்து டிகிரியில் கொதித்துவிடும் திரவம்;
இங்கே நிழலுக்கே நாற்பத்திரண்டு.
மீன் மார்க்கெட் ஐஸில் கழுத்துவரை புதைத்து,
கரண்ட் போகும்போதெல்லாம்
காய்ச்சல்காரப் பிள்ளையைப்போலத் தொட்டுப் பார்த்து
என் முதல் நூறு மூலக்கூறுகளைச் செய்தேன்.

வீட்டில் யாருக்காவது வலிப்பா, அதனால்தானா
என்று கேட்பார்கள்.
இல்லை.
எனக்குப் படிகம் பிடிக்கும்.
குடுவையின் உட்சுவரைக் கண்ணாடிக் கோலால் சுரண்டியதும்
ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து
ஊசி ஊசியாய் இறங்குமே, அது.
மற்றபடி, மேல்விஷாரத்தில்
அத்தாவின் தோல் ஷாப்புக்குப் பின்னால் வளர்ந்த மூக்கு.
பிரிடின் நெடிக்கு மற்றவர்கள் வராந்தாவுக்கு ஓடினால்
நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

புது மாணவர்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போவேன்.
அகழியைக் காட்டுவேன்.
மூளையைச் சுற்றியும் இப்படி ஒன்று.
தண்ணீரை மட்டும் நேசித்தால் இக்கரையிலேயே நிற்பாய்,
கொழுப்பை மட்டும் நேசித்தால்
வழியில் ஏதோ ஒரு சதையில் குடியேறிவிடுவாய்.
இரண்டுக்கும் கொஞ்சம் துரோகம் செய்யத் தெரிய வேண்டும்.
அப்படியும் கடந்துபோனால்
மதிலுக்குள் காவல் புரதங்கள்,
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்.
முன்னே முதலை விட்டிருந்தாங்களாமே என்பான் ஒருவன்.
அதேதான் என்பேன்.
முந்நூற்றுப் பதினொன்றை அவைதான் தின்றன.

ஒரு குளோரினைப் பிடுங்கி ஃப்ளோரினை நட்டேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
மின்னதிர்ச்சி கொடுத்த பத்து எலிகளில்
ஒன்பது விறைக்கவில்லை.
சுழலும் தண்டில் ஏற்றிவிட்டோம்;
பாலாற்றுப் பாலத்தில் காற்று வாங்கப் போகிறவர்களைப்போல
நிதானமாக நடந்தன.
அன்று மாலை காந்தி ரோட்டில்
வங்காளத்தில் பெயரெழுதிய லாட்ஜுகளைத் தாண்டிப் போனேன்.
மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பிடித்திருந்த
ஒவ்வொருவரும் எனக்குச் சொந்தக்காரர்.
படிக்கட்டில் ஒருத்தி, மடியில் பையன்,
உதட்டோரம் நுரை காய்ந்து.
இன்னும் கொஞ்சம் பொறும்மா என்று
வாய்வரை வந்துவிட்டது.
பாஷை தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

பதினோராம் நாள்.
எலி வீட்டுக் கன்னியப்பன்,
எலிக்கெல்லாம் பெயர் வைக்காதீர்கள் என்று
நான் சொன்னதை ஒருநாளும் கேட்காத கன்னியப்பன்,
கூண்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
"மேடம், காது பாருங்க. மஞ்சளா கீது."

வெள்ளெலியின் காது தாளைவிட மெல்லியது.
அதற்குப் பின்னாலிருந்த டியூப்லைட்
எலுமிச்சைத் தோல் நிறத்தில் தெரிந்தது.
அறுத்துப் பார்க்குமுன்பே ஈரல் பேசிவிட்டது.
சாப்பிடாமல் கிடந்ததை மூன்று நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.
நான் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டில் எழுதினேன்: கைவிடப்பட்டது.
யாரால் என்று அந்தச் சொல் சொல்லாது.

ஏழு வருஷம் கழித்து ஓசாகாவிலிருந்து ஒரு கட்டுரை.
நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு:
அந்த இடத்தில் ஃப்ளோரின் வேண்டாம், ஈரலுக்கு ஆகாது.
என் பெயரில் ஓர் எழுத்து பிழை.
கன்னியப்பனுக்கு வாசித்துக் காட்டினேன்.
"நம்ம குண்டனைப் பத்தியா எழுதிக்கிறாங்க?" என்றார்.
குண்டன் எது என்று நான் கேட்கவில்லை.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
அரசனில்லாத கோட்டை என்று
இந்த ஊரைப் பழிப்பார்கள்.
மருந்தில்லாத மருந்துக்காரி என்று
கடைசியில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.
காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோக்காரர் கேட்கிறார்:
"இருபத்தாறு வருசமா? எந்த மாத்திரை மேடம் உங்களோடது?"
கடையில் இல்லாதது, என்கிறேன்.
"ஸ்டாக் இல்லியா?" என்று வருத்தப்படுகிறார்.

மறுபடி மே.
கரண்ட் வந்துவிட்டது, கலக்கி சுற்றத் தொடங்குகிறது.
முந்நூற்று நாற்பது
இன்னும் படிகமாகாமல் எண்ணெயாகவே நிற்கிறது.
சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.