ஒன்றரைப் பிணைப்பு

புரோமீன் இந்த வருசமும் வரவில்லை.
வலயத்துக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று.
அதனால் கிணற்றுக்குப் போடுகிற கொண்டிஸைக்
கரைத்து வைத்திருக்கிறேன்
ஒரு கிள்ளுக்கே வாளி முழுக்க ஊதா.

எனக்குப் பாடம் எடுக்கும் உரிமை இல்லை.
குழாய் கழுவுவேன், லேபிள் ஒட்டுவேன்,
கடைசி மணி அடித்தபின் அலுமாரி பூட்டுவேன்.
ஆனால் ஒட்டுசுட்டானில் பதினொரு வருசம்
பின்சுவரில் சாய்ந்து ஒரே பாடத்தைக் கேட்டவளுக்கு
காபனுக்கு நாலு கை என்பது
சொந்தக் கையைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு கையால் பக்கத்துக் காபனையும்
மூன்று கையால் மூன்று ஐதரசனையும் பிடித்திருந்தால்
எதேன். நிரம்பியது.
கொண்டிஸை ஊற்று, ஊதா ஊதாவாகவே நிற்கும்.

இரு கையால் பக்கத்துக் காபனைப் பிடித்தால் எதீன்.
முறிகண்டிப் பக்கம் வாழைக்குலையைக் குழியில் மூடி
மூட்டம் போடுகிறார்களே,
அந்தப் புகைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இதுதான் அலைகிறது,
பச்சைக் காயிடம் பழுக்கச் சொல்லி.

மூன்று கையாலும் பிடித்தால் எதைன்.
சுகிர்தனின் வெல்டிங் கடையில்
பழைய பேப்பரில் சுற்றித் தந்த காபைட் கட்டி
தண்ணீர் பட்டதும் சீறியது.
உள்ளி நாற்றம்.
கொளுத்தினால் சுவாலையின் தலையிலிருந்து கரி உதிர்ந்து
முன்வாங்குப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.
மிச்ச வாயுவைக் கொண்டிஸுக்குள் விட
ஊதா போய், மண்ணிறம் படிந்தது.

மூன்று கையால் பிடித்தது அவ்வளவு லேசில் விடாது
என்று நினைத்திருந்தேன் முதல் வருசம்.
முதல் கைதான் இறுக்கம்.
மற்ற இரண்டும் தளர்பிடி,
யாராவது வந்தால் அவர்கள் பக்கம் நீளும்.

பென்சீன் எங்களிடம் இல்லை, நஞ்சு.
அது கரும்பலகைக்கு மட்டும் வருவது.
ஆறு மூலை, நடுவில் ஒரு வட்டம்.
"நிரம்பாததுதான்" என்றா மிஸ்,
"ஆனா புரோமீன் நீரைக் குடுத்தா நிறம் மாறாது.
இலத்திரன் ஒருத்தருக்கும் சொந்தமில்லை, ஆறு பேரையும் சுத்துது.
ஒற்றைப் பிணைப்பும் இல்லை, இரட்டையும் இல்லை,
ஒவ்வொண்டும் ஒண்டரை."
ஒண்டரை என்றதும் வகுப்பு சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. இன்று செவ்வாய்.

இரண்டரைக்குக் கலைமதியின் கொட்டிலில்
சிவமலர், மெற்றில்டா, நாகபூசணி, இதயராணி, நான்.
ஆறு பேர், ஒரு கையெழுத்துத் தாள்,
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஐவரும் பொறுப்பு.
லோன்காரப் பெடியன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எண்ணினான்.
ஆயிரத்து முந்நூற்றைம்பது குறைந்தது.
இதயராணியின் கச்சான் மழையோடு அழுகிப்போயிற்று,
அவள் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.
ஆளுக்கு இருநூற்றெழுபது.
பேசாமல் எடுத்து வைத்தோம்.
போன மாதம் என்னுடையதை அவளும் வைத்தவள்தான்;
எந்தக் காசு யாருடையது என்று
இப்போது எங்களுக்கே கணக்கில்லை.

"அக்காமார், நல்ல குழு நீங்கள்.
மேலால இன்னொரு லோன் சேத்துத் தரலாம்,
இண்டைக்கே."
பேனையை நீட்டியபடி நின்றான்.
மெற்றில்டா சேலைத் தலைப்பைச் செருகினாள்.
நாகபூசணி கோழியை விரட்ட எழும்பினாள்.
ஆறு பேரில் ஒருத்தியும் கை நீட்டவில்லை.
பேனையில் மை அப்படியே.

வீரம் ஒன்றுமில்லை இதில்,
வட்டி எவ்வளவு என்று தெரியும், அவ்வளவுதான்.

மிஸ் கடைசியில் சொன்ன ஒன்றை
அவர்களுக்கு நான் சொல்லவில்லை:
கொஞ்சம் இரும்புத்தூள் போட்டால்
பென்சீனும் புரோமீனை ஏற்கும்.
ஒரு ஐதரசன் கழன்று போகும்.
வளையம் மட்டும் உடையாது.

விரலில் கொண்டிஸின் மண்ணிறம் இன்னும் போகவில்லை.
கலைமதியிடம் பாதித் தேசிக்காய் வாங்கித்
தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.