மல்வெத்சியின் வலது தோள்

ஒரியெத்தா மல்வெத்சி ரெனிஸை விட்டு ஒதுங்கிய செய்தி
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, இயன்மருத்துவப் பிரிவுக்கு
திங்கட்கிழமை பத்தேகாலுக்கு வந்தது.
கொண்டுவந்தவர் கீரிமலை பஸ் கொண்டக்டர்.
மேல்கம்பியில் பதினெட்டு வருசம் தொங்கி
தோள் உறைந்துபோனவர்.
"மிஸி, இத்தாலிக்காரி விட்டிட்டாளாம்."

குற்றம் என்னுடையதுதான்.
தோள் எப்படித் திரும்பவேணும் என்று
வாயால் சொல்லிச் சொல்லி அலுத்து
ஒருநாள் போனில் அவளுடைய சேர்விஸைப் போட்டேன்,
கால்வாசி வேகத்தில்.
பந்து மேலே போய் நிற்கும். ஒரு மூச்சு யோசிக்கும்.
அதற்குள் அவள் கை முதுகுப்பக்கம் இறங்கி
நாங்கள் சொறியமுடியாத அந்த இடத்தைத் தொட்டுவிட்டு
மேலே வரும்.
"எனக்கு எட்டாத இடம் அதுதான்" என்றார்
மல்லாகத்துப் புஷ்பகாந்தி ரீச்சர்.
பிறகு அவள் எங்களுடையவள்.

புகழ் என்று சொல்ல அதிகமில்லை.
பதினாறு வருசம். இரண்டு கிண்ணம், இரண்டும் செம்மண்ணில்.
பெரிய போட்டியில் ஒரேயொருதரம் காலிறுதி, அதிலும் தோல்வி.
உலகத்தில் முப்பத்தோராம் இடம், ஒன்பது கிழமைக்கு.
பலெர்மோவில் இருக்கிற மச்சாள் சொல்கிறாள்,
அங்கே மரக்கறிக் கடைக்காரனுக்கே அவளைத் தெரியாதாம்.
இங்கே தெரியும்.
இங்கே ஊன்றுகோலோடு வருகிறவர்கள்
கதிரையில் இருக்கமுதல் கேட்பார்கள்,
றோமில் நேற்று என்ன நடந்தது என்று.
மட்டையைக் கையால் தொட்டவர் எங்களில் ஒருவருமில்லை.
"பதினைஞ்சு, முப்பது, பிறகு ஏன் நாற்பது?
மிச்சம் அஞ்சு எங்க?"
கொண்டக்டர் மட்டும்
அந்தக் கணக்கைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஒப்பரேஷனும் சரிவரவில்லையாம்.
வீடியோவில் அவள் அழவில்லை.
மைக்கை இடது கையால் பிடித்திருந்தாள்.
நான் அதைத்தான் பார்த்தேன்.
சுற்றி நின்ற பதினொரு பேரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"அவளுக்கு மிலானோவில டொக்டர்மார்,
ஐஸ் தொட்டி, உருவிவிடத் தனி ஆள்.
அவளுக்கே சரிவராட்டி
இந்த றப்பர் பட்டி எங்களுக்கு என்ன செய்யும்?"
கேட்டது நெல்லியடி தனுஜன். மோட்டச்சைக்கிள் விபத்து.

பாடப்புத்தகத்தில் படித்த பதிலொன்று என்னிடம் இருந்தது.
அது தொண்டைக்கு வரமுதல்
சுவரில் விரல்களை நடத்திக்கொண்டிருந்த ரீச்சர்
திரும்பிப் பாராமல் சொன்னார்:
"தம்பி, அவளுக்கு மணிக்கு நூற்றெண்பது கிலோமீற்றர் வேணும்.
எனக்கு என்ர உள்சட்டைக் கொளுக்கியைப்
பின்னால நானே பூட்டினால் காணும்."
ஆம்பிளைகள் எல்லாரும் யன்னலைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு அவள் வீடியோவைத் திரும்பப் போடவில்லை.
கோணமானியை வைத்து
கொண்டக்டரின் தோளை அளந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பாகை.
போன கிழமை நூற்றாறு.
"ஆறு கூட" என்றேன்.
"ஆறோ?" என்றவர்
கையை இறக்காமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்,
பிடிக்கக் கம்பி ஒன்றும் இல்லாமல்.