ரீடிங்

முப்பத்தோரு வருஷம்
அடுத்த வீட்டுக் கரண்டை
அட்டையில் எழுதிக் கொடுத்தவன் நான்.
பணகுடியில் எந்த மீட்டர் மாடிப்படிக்கு அடியில்,
எது நாய்க்குப் பின்னால்,
இன்னும் தெரியும்.

இப்போது என் பெட்டி
இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்குள்.
அங்கிருந்து வயர் கழுத்தேறி
காதுக்குப் பின்னால் வளைந்து
மண்டைக்குள் இறங்குகிறது.
எண்ணெய் தேய்க்கையில் பிரம்மசக்தியின் விரல்
அந்த இடத்தில் மட்டும்
வேகத்தடையில் ஏறுவதுபோல ஏறி இறங்கும்.
ஏதும் சொல்ல மாட்டாள்.

திருவனந்தபுரத்தில் முழித்தபடியே கிடந்தேன்.
பக்கத்து மனையில் போர் போடுவதுபோலச் சத்தம்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
எழுபத்தொன்பதில் கை நின்றது.
ஒன்பது வருஷம் ஆடின கை.
எழுபத்திரண்டையும் சொல்லிவிட்டுத்தான்
திரும்பிப் பார்த்தேன்.

காப்பி சிந்துவதில்லை.
பேங்கில் கையெழுத்து பொருந்துகிறது.
பேச்சுதான், போகவில்லை,
ஈரச் சாக்கில் சுற்றி வைத்த மாதிரி இருக்கிறது.
ரிமோட்டில் இரண்டு கணக்கு:
மூன்று புள்ளி ஒன்று கைக்கு,
இரண்டு புள்ளி நான்கு வாய்க்கு.
இரண்டுக்கும் சேர்த்து ஒரு எண்
டாக்டரிடமும் இல்லை.

காலையில் கேட்பாள்:
"இன்னைக்குப் பேசுதீயளா, எழுதுதீயளா?"

வாசல் நிலையில் கால் ஒட்டிக்கொள்ளும்.
அது எந்த எண்ணையும் மதிப்பதில்லை.
என் பழைய பையிலிருந்த மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை
நடையில் சாணுக்கொன்றாக ஒட்டி வைத்தாள்.
கோடு இருந்தால் தாண்டுகிறது.
வெறும் தரையை நம்ப மாட்டேன் என்கிறது.

நேற்று ஆடிக் காற்று.
ஊரைச் சுற்றிக் காற்றாலை எல்லாம் பேயாய்ச் சுழல
எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.
நெஞ்சில் பதினெட்டு சதவீதம்.
சார்ஜரில் அதுவும் இல்லை.
ஆபீசுக்குப் போன் போட்டு
ப்யூஸ் போயிருக்கு என்றேன்.
"அண்ணாச்சி, காலையிலயே ஆரம்பிச்சாச்சா?"
புதுப் பையன். வைத்துவிட்டான்.

இரண்டு புள்ளி நான்குக்கு இறக்கினேன்.
கை எழும்பியது,
போன் காதிலேயே தட்டத் தொடங்கியது.
பிரம்மசக்தி பிடித்துக்கொண்டாள்,
போனை அல்ல, மணிக்கட்டை.
"சொரிமுத்து பேசுதேன், ரிட்டயர்டு அசெஸ்ஸர்.
எஸ்.எஸ். பதினாலு, பி பேஸ். ஏணியோட வா.
குடிக்கலடே.
பேட்டரில ஓடுதேன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும்.
பிறகு, "வாரேன் சார்."

பன்னிரண்டரைக்கு ஃபேன் சுற்றியது.
நெஞ்சோடு சார்ஜரைக் கட்டிவிட்டு
மூன்று புள்ளி ஒன்றுக்கு ஏற்ற
ரிமோட்டை எடுத்தாள்.

"இரு" என்றேன்.

என் டி.வி.எஸ்ஸை
யாரைக் கேட்டு விற்றாய் என்ற சண்டை
சித்திரையிலிருந்து பாதியில் நிற்கிறது.